சவுகார்பேட்டையில் கல் கிண்ணத்துக்கு வெள்ளிப் பூண்: கடைக்கு ஒரு மார்க், பட்டறைக்கு ஒரு மார்க்

வெள்ளிப் பூண் போட்ட கல் கிண்ணமோ கல் குப்பியோ வாங்கப் போனால் முதலில் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். கடைக்காரர் விளக்கைப் போட்டு, கறுப்பு வெல்வெட் துணியில் நிறுத்தி, மேலே இருக்கும் பூ வேலையைத்தான் காட்டுவார். ஆனால் விஷயம் இருப்பது அடியில், கல்லும் வெள்ளியும் சேருகிற இடத்தில். அங்கே மஞ்சளாகப் பசை பிதுங்கி நின்றால், மேலே மயிலே ஆடினாலும் வாங்காதீர்கள்.

மின்ட் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் மாடியில் இருக்கிற கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போடப் போவதில்லை. பாதி புகாரும் பாதி பாராட்டுமாக எழுதும்போது பெயரைப் போட்டால் புகார் மட்டும்தான் ஊர் சுற்றும், அதோடு நான் சொல்லப் போகிற குறைகள் அந்தப் பக்கத்தில் இன்னும் நாலைந்து கடைகளுக்குப் பொருந்தும். கீழே இமிடேஷன் நகை மொத்த வியாபாரம். படிக்கட்டு ஒருவர் ஏறினால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய அகலம். இவர்களுடைய முக்கிய வேலை சங்குக்கும் ருத்ராட்சத்துக்கும் வெள்ளிப் பூண் போடுவது. வலம்புரிச் சங்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு திருமழிசையில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கல் பாத்திரங்கள் ஒரு ஓரத்தில், ஒரே ஒரு கண்ணாடி பீரோவில்.

கல் பாத்திரம் என்றதும் கல்சட்டியை நினைத்துவிட வேண்டாம். கல்சட்டி மாக்கல், நகத்தாலேயே கீறலாம், உளி வைத்தால் சொன்னபடி கேட்கும். இங்கே நான் சொல்வது அகேட், ஸ்படிகம், ஜேட், லாபிஸ் லசூலி வகையறா. கல்லின் கடினத்தை 1-லிருந்து 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அகேட்டுக்கு 6.5-லிருந்து 7 வரை. சாதாரணக் கத்தியின் எஃகு சுமார் 5.5. அதாவது கத்தியை வைத்து இழுத்தால் கத்திதான் தேயும். அதனால் இதைச் செதுக்கவே முடியாது. வைரத் தூளையோ குருந்தத் தூளையோ போட்டுத் தேய்த்துத் தேய்த்துத்தான் உள்ளே குழிவு எடுக்க வேண்டும். சுவர் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு கூலி, அவ்வளவு ஆபத்து. விளக்குக்கு எதிரில் பிடித்தால் விரல் நிழல் தெரிகிற மாதிரி ஒரு அகேட் கிண்ணம் இருந்தால், அதன் விலையில் பெரும்பகுதி அந்தத் தேய்ப்புக்குத்தான்.

பீரோவில் இருக்கிற அகேட் எல்லாம் குஜராத்தின் கம்பாத்தில் இருந்து வருகிறது என்றார் கடையை நடத்தும் சேட்டம்மா. இதை நம்பலாம், கம்பாத்தில் இந்த வேலை பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. கல் ரத்தன்பூர் பக்கத்துச் சுரங்கங்களில் இருந்து வரும், அதைச் சூடுபடுத்தினால் உள்ளே இருக்கும் இரும்பு சிவந்து சூதுபவளம் ஆகும். கீழடியிலும் கொடுமணலிலும் கிடைத்த சூதுபவள மணிகளுக்கான கல்லும் அந்தப் பக்கம் இருந்து வந்ததாகத்தான் ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். ஆக சென்னைக்கு இது புதுச் சரக்கு இல்லை.

நிறத்தில்தான் கவனம் வேண்டும். இயற்கை அகேட் பெரும்பாலும் சாம்பல், தேன், பழுப்பு, வெள்ளை. பேனா மை மாதிரி நீலமும் பளீர் ரோஜாவும் சாயம். இது ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் ஊரில் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைப் பெரிய தொழிலாக நடத்தியவர்கள் இருக்கிறார்கள். கறுப்பு வேண்டுமா, கல்லைச் சர்க்கரைக் கரைசலில் ஊறப்போட்டு அப்புறம் கந்தக அமிலத்தில் போடுவார்கள், துளைகளுக்குள் போன சர்க்கரை கரியாகிவிடும். கடைகளில் பார்க்கும் கறுப்பு ஓனிக்ஸ் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். சாயம் என்று சொல்லி, அதற்கேற்ற விலையில் விற்றால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சேட்டம்மா கேட்டதும் மறைக்காமல் சொன்னார், அது ஒரு நல்ல மார்க். கேட்காதவர்களிடம் சொல்வதில்லை, அந்த மார்க்கைப் பாதி குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தட்டில்தான் வம்பு. 'ஜேட்' என்று சீட்டு ஒட்டிய பச்சைக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. பச்சையில் வெள்ளையும் பழுப்புமாகப் பட்டை பட்டையாக ஓடுகிறது, வெளிச்சம் தாராளமாக உள்ளே போகிறது, அடிப்பக்கத்தில் அங்கங்கே கீறல். ஜேட்டில் இவ்வளவு சுலபமாகக் கீறல் விழாது. நெஃப்ரைட் என்கிற ஜேட் வகை 6-லிருந்து 6.5 கடினம், அதோடு இழைநாராகப் பின்னிய கல் என்பதால் லேசில் உடையவும் செய்யாது. நான் கையில் வைத்திருந்தது பலுசிஸ்தான் பக்கம் கிடைக்கும் 'பச்சை ஓனிக்ஸ்'. பெயர்தான் ஓனிக்ஸ், ஆள் கால்சைட், பளிங்கின் சொந்தக்காரர், கடினம் 3. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு பட்டால் நுரைத்து மெருகு போய்விடும். இதைச் சொன்னதும் சேட்டம்மா, "ஜேட் கலர்னு சொன்னேன் தம்பி, ஜேட்னா சொன்னேன்?" என்றார். சீட்டில் கலர் என்ற வார்த்தை இல்லை. அடுத்த தடவை போனபோதும் சீட்டு அப்படியேதான் இருந்தது. பூ இதழ் மிதக்கவிட அந்தக் கிண்ணம் அழகாகத்தான் இருக்கும், வாங்குங்கள், ஆனால் ஜேட் விலை கொடுக்காதீர்கள்.

லாபிஸ் குடுவை ஒன்று இருந்தது. ஒரு சாண் உயரம், வெள்ளியில் அடிப்பீடம், இரண்டு பக்கமும் யாளி முகக் கைப்பிடி. 'ஆண்டிக், மொகல்' என்று சொன்னார்கள். கல் நல்ல கல்தான், ஆழ்ந்த நீலத்தில் தங்கத் துகளாகப் பைரைட், ஓரத்தில் கொஞ்சம் வெள்ளைக் கால்சைட், ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் கல்லில் பார்க்கிற அதே கோலம். போலி லாபிஸ் என்றால் பெரும்பாலும் ஹௌலைட் என்ற வெள்ளைக் கல்லுக்குச் சாயம் ஏற்றியதாக இருக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் மறைவான இடத்தில் துடைத்தால் பஞ்சு நீலமாகும். கடையில் அனுமதி வாங்கித் துடைத்தேன், பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. சரி என்று கவிழ்த்தேன். பீடத்துக்கும் கல்லுக்கும் நடுவில் எப்பாக்ஸி என்கிற இந்தக் காலத்துப் பசை. விரலால் அழுத்தினால் பீடம் லேசாக ஆடுகிறது. யாளி முகத்தின் கண்ணுக்குள் வார்ப்பின் பொடிப்பொடிக் குமிழ்கள் அப்படியே இருக்கின்றன, ஒருவரும் அரம் போட்டு எடுக்கவில்லை. மொகலாயர் காலத்துப் பட்டறையில் எப்பாக்ஸி கிடையாது என்று நான் சொல்ல, ரிப்பேர் செய்திருப்பார்கள் என்று பதில். இருக்கலாம். ஆனால் விலை ரிப்பேர் செய்த பொருளின் விலையாக இல்லை.

மொகலாயர் என்று யார் சொன்னாலும் நான் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஷாஜகானின் மதுக்கிண்ணத்தைத்தான் அளவுகோலாக வைப்பேன். 1657-ஆம் ஆண்டு பொறித்த வெள்ளை நெஃப்ரைட், ஒரு பக்கம் குவிந்து ஆட்டுத் தலையாக முடிகிறது, அடியில் தாமரை. அதில் உலோகமே கிடையாது. அந்த அளவுக்குக் கல் வேலை தெரிந்தவர்களுக்குப் பூண் தேவைப்படவில்லை. உலோகம் சேர்க்கும்போதும் குந்தன் முறையில் தங்கத்தை ஜேட்டுக்குள்ளேயே பதித்து அதில் மாணிக்கம் வைப்பார்கள். லண்டன் போக முடியாதவர்கள் ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஜேட் அறையைப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் சவுகார்பேட்டையில் யாரும் உங்களிடம் மொகல் என்று லேசில் சொல்ல முடியாது. பழைய பொருள் என்று நம்பி ஏமாந்ததில் பெரிய இடங்களும் உண்டு. ஜெர்மனியின் ஆஹென் நகரத்துப் பொற்கொல்லர் ரைன்ஹோல்ட் வாஸ்டர்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் செய்த வேலைகள் பல, மறுமலர்ச்சிக் காலத்து ஸ்படிகப் பாத்திரம், தங்கப் பூண் என்ற பெயரில் ஐரோப்பிய அமெரிக்க அருங்காட்சியகங்களுக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. அவருடைய வரைபடங்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான், 1970-களின் இறுதியில், குட்டு வெளிப்பட்டது. ஆனால் வாஸ்டர்ஸ் எப்பாக்ஸி போடவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

இதுவரை கடை. இனி பட்டறை, அதற்காகத்தான் இந்த நீண்ட பதிவே.

என்னிடம் ஒரு அகேட் கிண்ணம் இருந்தது, தேன் நிறத்தில் சாம்பல் வளையங்கள், வாயில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்தது. இந்தக் கல் வளைவாக, கூர்மையாகப் பெயரும், கை வைத்தால் கிழிக்கும். விளிம்புக்கு வெள்ளிப் பட்டை போட்டு மறைக்க முடியுமா என்று கேட்டேன். சேட்டம்மா உடனே ரேட் சொல்லிவிட்டார். கடைக்குப் பின்னால் உள்ள பட்டறையில் இருக்கும் பத்தர்தான் கிண்ணத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெறும் விளிம்பு மட்டும் போட்டால் நிற்காது என்றார். காரணம் எளிது. விளிம்பில் மாட்டிய பட்டைக்குக் கீழ்ப் பக்கம் பிடிப்பு உண்டு, மேலே உருவி வராமல் தடுக்க ஒன்றும் இல்லை. அப்படிப் போட்டால் கடைசியில் பசையைத்தான் நம்ப வேண்டும். அவர் சொன்ன வழி, விளிம்புக்கு ஒரு பட்டை, அடிக்கு ஒரு வளையம், இரண்டையும் இணைத்து வெளிப்பக்கமாக இறங்கும் மூன்று கைகள், கைகளின் இரண்டு நுனியிலும் சின்னக் கீல். கீலில் ஊசி கோத்ததும் மேல் பட்டையைக் கீழ் வளையம் இழுத்துப் பிடிக்கும், கீழ் வளையத்தை மேல் பட்டை பிடிக்கும், கல் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒரு சொட்டுப் பசை வேண்டாம். 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பொற்கொல்லர்கள் கல் பாத்திரத்துக்கும் சீனப் பீங்கானுக்கும் போட்ட பூண்களும் இதே அமைப்புதான். பத்தர் அதைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை, பெரிய சங்குகளுக்குப் பூண் போட்டே இந்த இடத்துக்கு வந்திருக்கிறார்.

வேலை நடக்கும்போது பார்க்க விட்டார்கள். காகிதப் பட்டையைக் கல்லின் மேல் சுற்றி அளவெடுத்து, வெள்ளித் தகட்டை வெட்டி, பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது எல்லாம் கல்லைத் தள்ளி வேறு மேஜையில் வைத்துவிட்டுத்தான். வெள்ளியைப் பற்றவைக்கும் சூடு 700 டிகிரியை ஒட்டி இருக்கும். அகேட் குவார்ட்ஸ் குடும்பம், குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் உள்ளமைப்பு மாறித் திடீரென்று பருமன் கூடும், கல் விண்டுபோகும். பத்தருக்கு 573 தெரியாது. "கல்லுக்குச் சூடு ஆகாது தம்பி, வெள்ளிதான் வளைஞ்சு குடுக்கணும்" என்றார், அவ்வளவுதான் விஷயமும். அதனால் பட்டையைக் காய்ச்சி இளக்கி, ஆறவைத்து, கல்லின் வாயில் மாட்டி, குளிர்ந்த நிலையிலேயே ஓரத்தை மெல்ல மெல்ல உள்பக்கம் மடித்து அழுத்துகிறார். ஒரே இடத்தில் அழுத்தாமல் எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி, கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டே. அழுத்தும் கருவியின் நுனியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மரப்பிடி, பித்தளை வளையம், முனையில் நாய்ப்பல் வடிவத்தில் மெருகேற்றிய கல். அதுவும் அகேட். எஃகு நுனி வெள்ளியில் கோடு போடும், கல் நுனி கோடு போடாமல் பளபளப்பை ஏற்றிக்கொண்டே போகும். சில்லு பெயர்ந்த இடத்தில் மட்டும் பட்டையை ஒரு இலையின் வடிவத்தில் கீழே இறக்கிவிட்டார், மற்ற இடங்களிலும் இடைவெளி விட்டு அதே இலை வருவதால் எது ஒட்டு, எது அலங்காரம் என்று எனக்கே தேட வேண்டியிருக்கிறது. நகாசு வேலை கொடியும் மொட்டும், அளவோடு. தங்க முலாம் போடலாம் என்று சேட்டம்மா விடாமல் சொன்னார், விளிம்பின் உள்பக்கத்துக்கு மட்டும் போட்டுக்கொண்டேன். தேன் நிறக் கல்லுக்கு வெளியே வெள்ளி வெள்ளியாகவே இருப்பதுதான் எடுப்பு.

குறைகள்: பொங்கலுக்கு முன்னால் என்று சொன்னார்கள், மாசி பிறந்துதான் கைக்கு வந்தது. போன் செய்தால் "இன்னிக்கு மெருகு போடறாங்க" என்ற ஒரே பதில்தான், பல வாரம் மெருகே போட்டார்கள். ஒரு கீலின் ஊசி முனை சரியாக அரம் போடாமல் துணியில் மாட்டியது, திரும்ப எடுத்துப் போனதும் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார்கள்.

பில்லில் கண் வையுங்கள். எடை போடுவது பூணைக் கல்லில் மாட்டுவதற்கு முன்னால்தான், உங்கள் கண் எதிரில். மாட்டிவிட்டால் கல்லின் எடையைக் கழித்துச் சொல்கிறேன் என்பார்கள், கழித்தது சரியா என்று யார் பார்ப்பது? எனக்கு வெள்ளி 84 கிராம் வந்தது, அன்றைய விலை, அதற்கு மேல் கூலி 9,500 ரூபாய், எல்லாவற்றுக்கும் 3 சதவீதம் ஜிஎஸ்டி. சேதாரம் என்று ஒரு தொகையைத் தனியாகச் சேர்த்திருந்தார்கள், கூலியிலேயே அது அடக்கம் என்று பேசியதை நினைவுபடுத்தியதும் அடித்துவிட்டார்கள். பட்டையின் உள்பக்கம் 925, அதாவது 92.5 சதவீதம் வெள்ளி, என்று குத்தியிருக்கிறது. அது கடையின் சொந்தக் குத்து. வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லாததால் 925 என்ற எண்ணை யார் வேண்டுமானாலும் குத்தலாம், இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரை இருந்தால்தான் அது ஹால்மார்க். அதனால் கீழே இறங்கி டச் பார்க்கும், அதாவது வெள்ளியின் சுத்தத்தைச் சோதிக்கும் கடையில் மெஷினில் வைத்துப் பார்த்தேன், 92 சதவீதத்துக்கு மேல் காட்டியது. திருப்தி.

திருப்பிக் கொடுத்தால் என்ன தருவீர்கள் என்று கேட்டேன். வெள்ளி எடைக்கு அன்றைய விலையில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு தருவார்களாம், கல்லுக்குப் பைசா கிடையாது, கூலி போனது போனதுதான். கேட்கும்போது கோபம் வரும், ஆனால் உலகம் முழுவதும் இந்தப் பாத்திரங்களின் கதையே இந்தக் கணக்குதான். தங்கமும் வெள்ளியும் உருக்கினால் காசு, கல்லை உருக்க முடியாது. பணமுடை, புரட்சி, திருட்டு எது வந்தாலும் முதலில் போவது பூண்தான். பிரெஞ்சு இளவரசரிடம் இருந்து ஸ்பெயினுக்குப் போய், இப்போது மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் கல் பாத்திரத் தொகுப்பில் 1918-இல் பெரிய திருட்டு வெளிவந்தது, சில பாத்திரங்கள் திரும்பவே இல்லை, பலவற்றின் பூண்கள் சிதைந்தன. இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் பாரிசுக்குப் பக்கத்தில் செயின்ட் டெனி மடத்தின் தலைவர் சூஜே, பெட்டியில் பல காலம் சும்மா கிடந்த பார்ஃபிரி என்ற சிவப்புக் கல்லால் ஆன ஒரு பழைய ஜாடியை எடுத்து, தங்க முலாம் பூசிய வெள்ளியில் கழுகின் தலை, சிறகு, கால் எல்லாம் பூட்டி ஆராதனைப் பாத்திரம் ஆக்கினார். இப்போது பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொன்னும் மணியும் சூழ வேண்டிய தகுதி இந்தக் கல்லுக்கு உண்டு என்ற பொருளில் அதன் மேலேயே எழுதியும் வைத்தார். சூஜே என் கட்சி. கழுகு மட்டும் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

வீட்டுக்கு வந்த பிறகு. நான் இருப்பது திருவொற்றியூரில், கடல் காற்று ஒரு பக்கம், மணலிக் காற்று ஒரு பக்கம். வெள்ளியைக் கறுக்க வைப்பது காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள், எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. நாலு வாரத்தில் இலைகளின் ஓரம் மங்கிவிட்டது. கடையில் கொடுத்த வெள்ளி முக்கும் திரவத்தை நான் தொடவில்லை, பூண் போட்ட பொருளை எந்தத் திரவத்திலும் முக்கக் கூடாது, கல்லுக்கும் பட்டைக்கும் நடுவில் போனது வெளியே வராது. லாபிஸ் என்றால் அமிலம் கல்லையே கெடுக்கும். மெத்தென்ற பருத்தித் துணியால் தேய்த்தால் போதும், பள்ளத்தில் நிற்கும் கறுப்பு நகாசுக்கு நல்லதுதான். வெந்நீர் ஊற்றாதீர்கள், கல்லைவிட வெள்ளி அதிகம் விரியும், பிடிப்பு தளரும்.

போகிறவர்களுக்கு: வண்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நிறுத்த இடம் கிடையாது. மண்ணடி மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். ஆயத்தமாக இருக்கும் பாத்திரங்களில் சாயம் போடாத கம்பாத் அகேட் கிண்ணங்கள் மட்டும் எனக்குச் சம்மதம், அதையும் பூண் இல்லாமல் வாங்கி, பூணைத் தனியாகச் சொல்லிச் செய்துகொள்வதுதான் லாபம். கல்லைக் கொடுக்கும்போது நாலு பக்கமும் போட்டோ எடுத்து, ஏற்கெனவே இருக்கும் சில்லு, விரிசல் எல்லாம் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஞாயிறு விடுமுறை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் பத்தர் கிளம்பியிருப்பார், சேட்டம்மா மட்டும்தான் இருப்பார், அந்த நேரத்தில் எதற்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.